100 கெஜமா, 200 கெஜமா? மான் வேட்டை சீஸனுக்கு முன் அமெரிக்காவில் நடக்கும் குறி பார்க்கும் பஞ்சாயத்து!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு விநோதமான பள்ளி விடுமுறை உண்டு. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அதற்கடுத்த திங்கள்கிழமை பல ஊர்களில் பள்ளிக்கூடம் திறக்காது. மழை, பனி எதுவும் காரணமில்லை. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீஸன் அன்றுதான் தொடங்கும் என்பது பல தலைமுறை வழக்கம். மாணவர்களில் கொஞ்சம் பேர், வாத்தியார்களில் கொஞ்சம் பேர் என ஊரே காட்டுக்குள் போய்விட்டால் யாருக்குப் பாடம் நடத்துவது? 2019-ல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் திங்கள்கிழமை லீவு பல ஊர்களில் இன்னும் போகவில்லை.

சீஸன் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அங்குள்ள துப்பாக்கிப் பயிற்சி மைதானங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அப்பா, மகன், தாத்தா, பேத்தி எனக் குடும்பமாக வருவார்கள். வருடம் முழுக்க அலமாரியில் கிடந்த ரைஃபிளை எடுத்துவந்து, மேலே பொருத்திய தொலைநோக்கியின், அதாவது ஸ்கோப்பின், குறி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அங்கே காபிக்கு நடுவில் வருடா வருடம் நடக்கும் பஞ்சாயத்து ஒன்றுதான். ஸ்கோப்பை எத்தனை கெஜத்துக்கு சரிசெய்வது? 100 கெஜத்துக்கா, 200 கெஜத்துக்கா, அல்லது இன்னும் தள்ளியா?

நம் வீடுகளில் கெஜம் என்றால் புடவைதான். ஒன்பது கெஜம் மடிசார்ப் புடவைகள் பதினொன்றை வரிசையாகத் தரையில் விரித்தால் 99 கெஜம் வரும். அதுதான் அங்கே 100 கெஜம், மீட்டரில் சுமார் 91. கேட்கும்போது பெரிதாகத் தெரியவில்லை அல்லவா? ஆனால், அந்தத் தூரத்துக்குள்ளேயே ஒரு மானின் உயிர் நொடியில் பிரியுமா, இல்லை காயத்தோடு ஓடி எங்கோ ஒரு புதருக்குள் மணிக்கணக்கில் துடிக்குமா என்பது தீர்மானமாகிவிடுகிறது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு மான் வேட்டை என்றாலே ஜெயில்தான். அதனால், 'மானைச் சுடுவதற்குக் கணக்கு வேறா?' என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. பென்சில்வேனியாவின் கதை வேறு. 1900 வாக்கில் அங்கே வெள்ளைவால் மான் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. 1906-ல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். ஓநாயையும் பூமாவையும் மனிதர்கள் ஏற்கெனவே ஒழித்துவிட்டிருந்ததால், மான் பெருகியபோது அதைக் கட்டுப்படுத்த காட்டில் வேறு ஆள் இல்லை. முளைக்கும் மரக்கன்றுகளையெல்லாம் அவை மேய்ந்துவிட, காடே வளர முடியாத நிலை வந்தது. இன்று உரிமம், பயிற்சி வகுப்பு, ஆளுக்கு இத்தனைதான் என்ற வரம்பு, உடம்பில் 250 சதுர இன்ச் அளவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு உடை எனச் சட்டம் வகுத்த வழியில் வேட்டை நடக்கிறது. ரைஃபிள், தோட்டா விற்பனையில் 1937-ம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்கும் 11 சதவிகித வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். சுடுவது என்று முடிவான பிறகு, ஒரே தோட்டாவில் முடிய வேண்டும் என்பதில் அங்கே இரண்டு கருத்து கிடையாது.

தோட்டா நேராகப் போவதில்லை!

சின்ன வயதில் மாங்காய் அடித்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும். பக்கத்துக் கிளையில் தொங்கும் காய் என்றால் அதைப் பார்த்தே கல்லை எறியலாம். தூரத்துக் கிளை என்றால் காய்க்குக் கொஞ்சம் மேலே பார்த்து எறிந்தால்தான் விழும். கல் போகப்போக கீழே இறங்கும் என்பது கைக்குத் தெரியும்.

தோட்டாவும் அப்படித்தான். குழலின் வாயைவிட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே அது கீழே விழத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடம் பல்லாண்டுகளாகப் புழங்கும் '.30-06' என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' என்பார்கள். .30 என்பது இன்ச் கணக்கில் குழலின் உள்விட்டம், 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ம் ஆண்டு. இதன் 150 கிரெய்ன் தோட்டா 10 கிராமுக்கும் சற்றுக் குறைவான எடைதான். வெளியே வரும்போது நொடிக்குச் சுமார் 2,900 அடி வேகம். மணிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேல்!

இத்தனை வேகத்தில் போனாலும் புவியீர்ப்பு விசை அதற்குச் சலுகை காட்டுவதில்லை. குழல் நீட்டிய நேர்கோட்டிலிருந்து 100 கெஜத்தில் அது 2 இன்ச் கீழே இறங்கியிருக்கும். 200 கெஜத்தில் சுமார் 9 இன்ச். 300-ல் கிட்டத்தட்ட 2 அடி. தூரம் மூன்று மடங்கு ஆனால், இறக்கம் பத்து மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. ஒவ்வொரு நொடித்துளிக்கும் விழும் வேகம் கூடுவதும், காற்று தோட்டாவைத் தடுத்து மெதுவாக்குவதும்தான் இதற்குக் காரணம்.

ஆனால், நம் பார்வை மட்டும் நேர்கோட்டில்தான் போகும். ஸ்கோப்பின் உள்ளே தெரியும் கூட்டல் குறியின் வழியாக மானைப் பார்க்கும்போது, அந்தப் பார்வைக் கோடு குழலுக்குச் சுமார் ஒன்றரை இன்ச் மேலே ஓடுகிறது. கீழே விழும் தோட்டாவையும் நேராக ஓடும் பார்வையையும் எங்கேயாவது சந்திக்கவைக்க வேண்டும். அதற்காக ஸ்கோப்பை, குழல் இம்மியளவு மேல்நோக்கி இருக்கும்படி திருகிவைக்கிறார்கள். 'தோட்டா முதலில் மேலே எழும்பி, பிறகு கீழே வரும்' என்று சிலர் சொல்வது இதைப் பார்த்துத்தான். தோட்டா தானாக எழும்புவதில்லை, குழல் மேலே பார்க்கிறது, அவ்வளவுதான்.

இப்படி மேல்நோக்கிப் புறப்படும் தோட்டா, பார்வைக் கோட்டை இரண்டு முறை கடக்கும். கீழிருந்து மேலே ஏறும்போது மிக அருகில் ஒருமுறை, பிறகு மேலிருந்து இறங்கும்போது தூரத்தில் ஒருமுறை. அந்த இரண்டாவது சந்திப்பு எங்கே நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் 'ஜீரோ செய்வது' என்று பெயர். அங்கே பார்த்த இடமும் பட்ட இடமும் ஒன்று. வித்தியாசம் பூஜ்யம்.

ஒலிம்பிக் போட்டியில் சுடுபவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. கடலூரில் பிறந்து, டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக ஏர் ரைஃபிள் பிடித்த இளவேனில் வாலறிவனுக்கு இலக்கு எப்போதும் 10 மீட்டரில்தான் இருக்கும். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்பது பெரிய சவால். ஆனால், அந்தப் புள்ளி எழுந்து நடந்து போகாது. மான் 40 கெஜத்திலும் வந்து நிற்கும், 240 கெஜத்திலும் நிற்கும்.

100 கெஜக் கட்சி

அமெரிக்காவில் பெரும்பாலான மைதானங்களில் 100 கெஜத்தில் இலக்கு வைக்கும் வசதி இருக்கும். ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும். வழக்கமான ஸ்கோப்பில் ஒரு டிக் என்பது 100 கெஜத்தில் கால் இன்ச். தோட்டா 3 இன்ச் கீழே பட்டால் 12 டிக் மேலே. மனக்கணக்கு போடக்கூட தெரியாதவருக்கும் சுலபம். 100 கெஜம் அங்கே பழக்கமானதற்கு இந்தச் சுலபம் ஒரு முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு. இவ்வளவு குறைந்த தூரத்தில் காற்றும், வெயிலும், மலை உயரமும் தோட்டாவைப் பெரிதாக அசைப்பதில்லை. இங்கே வைத்த ஜீரோ எங்கே போனாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

பென்சில்வேனியாவின் அடர்ந்த காட்டில், மரங்களுக்கு நடுவே, மான் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான் தென்படும். அங்கே இது போதும். '.30-30' போன்ற பழைய, வேகம் குறைந்த தோட்டாவை வைத்திருப்பவர்களுக்கோ இதைவிட்டால் பெரிதாக வேறு வழியும் இல்லை. அதை 100 கெஜத்துக்கு ஜீரோ செய்தால் 200-ல் சுமார் 8 இன்ச் இறங்கிவிடும்.

சிக்கல், காட்டின் ஓரத்தில் வருகிறது. மரங்கள் முடிந்து மக்காச்சோளம் அறுத்த வயல் தொடங்கும் இடத்தில், அந்தி வேளையில், 200 கெஜம் தள்ளி மான் வந்து நிற்கிறது. 100 கெஜத்துக்கு ஜீரோ செய்த .30-06 அங்கே மூன்றரை இன்ச் கீழே அடிக்கும். 300 கெஜம் என்றால் ஓர் அடிக்கும் மேல் கீழே. வேட்டைக்காரர் மனதுக்குள் 'கொஞ்சம் மேலே பிடிக்கலாம்' என்று நினைப்பார். எவ்வளவு மேலே? அதற்குத் தூரம் தெரிய வேண்டும். மங்கிய வெளிச்சத்தில், இதயம் படபடக்கும்போது, வெறும் கண்ணால் தூரத்தைக் கணிப்பதுபோல ஏமாற்று வேலை வேறு இல்லை. வெட்டவெளியில் இருக்கும் மான் அருகில் இருப்பதுபோலவும், பள்ளத்துக்கு அப்பால் இருப்பது வெகு தூரத்தில் இருப்பதுபோலவும் தெரியும்.

பேராசிரியர் சொன்ன 3 இன்ச்

'தூரத்தைக் கணிக்கவே வேண்டாம்' என்று ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு வழிசொன்னவர் ஜாக் ஓ'கானர். 1902-ல் பிறந்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் துப்பாக்கிகள் பற்றி எழுதியே புகழ்பெற்றவர். .30-06 தோட்டாவின் வழியில் வந்து 1925-ல் அறிமுகமான .270 வின்செஸ்டர் என்ற தோட்டா இவ்வளவு பிரபலமானதில் அவர் பேனாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் சொன்னது எளிமையான விஷயம். 100 கெஜத்தில் தோட்டா 3 இன்ச் மேலே படும்படி ஸ்கோப்பை வைத்துவிடுங்கள். .270 தோட்டா அப்போது 275 கெஜம் வாக்கில்தான் பார்வைக் கோட்டுக்கு இறங்கி வரும். அதற்கு முன்னால் எங்கேயும் மூன்று, மூன்றரை இன்சுக்கு மேல் ஏறாது. 300 கெஜத்தைத் தாண்டும்வரை மூன்று, நான்கு இன்சுக்குமேல் இறங்காது. மான் எங்கே நின்றாலும் மார்பின் நடுவில் பிடித்துச் சுட வேண்டியதுதான்.

இதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. மானின் முன்னங்காலுக்குப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 இன்ச் விட்டம். நம் டிபன் தட்டு அளவு. அங்கே பலரும் பேப்பர் பிளேட்டை ஒட்டிவைத்துப் பயிற்சி எடுப்பது இதனால்தான். பிளேட்டின் மையத்திலிருந்து மேலே 4 இன்ச், கீழே 4 இன்ச். இந்த எல்லைக்குள் தோட்டா இருக்கும் தூரம்வரை மேலே கீழே யோசிக்காமல் நேராகப் பிடிக்கலாம். ஓ'கானர் வேட்டையாடியது பெரும்பாலும் மேற்கின் மலைகளிலும் பாலைவனங்களிலும். அரை நூற்றாண்டுக்கு முன்பு அங்கே சட்டைப் பைக்குள் லேசர் கருவி வைத்துக்கொண்டு யாரும் அலையவில்லை. அவர் நாட்டுக்கும் காலத்துக்கும் அது நல்ல விடை.

காகிதம் வேறு, கை வேறு

ஆனால், அந்த விடையை அப்படியே பென்சில்வேனியாவுக்குத் தூக்கிவருவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பஞ்சாயத்தில் இரண்டு கட்சியினரும் இதைப் பேசுவது குறைவு.

தோட்டாவின் பாதையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. சுடுபவரின் கை அதில் இல்லை. மைதானத்தில் மேஜைபோட்டு, மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டால் மூன்று தோட்டாவும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழலாம். காட்டில், கையுறை போட்ட விரல்களோடு, மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சுடும்போது அதே ஆளின் தோட்டாக்கள் 100 கெஜத்தில் 3 இன்ச் வட்டத்துக்குள் சிதறினால் நல்ல கை என்றே சொல்ல வேண்டும். அதாவது மையத்திலிருந்து ஒன்றரை இன்ச் இப்படியோ அப்படியோ. 200 கெஜத்தில் இந்தச் சிதறல் இரட்டிப்பாகி, 3 இன்ச் இப்படியோ அப்படியோ ஆகும்.

இப்போது இந்தக் கையை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 இன்ச் மேலே வைத்த ஆளுக்கு 100 கெஜத்தில் மான் நிற்கிறது. பாதை ஏற்கெனவே 3 இன்ச் மேலே. கை இன்னொரு ஒன்றரை இன்ச் மேலே போனால் நாலரை. பிளேட்டுக்கு வெளியே. 150 கெஜம் பக்கம் நிலைமை இன்னும் மோசம். பாதை 3 இன்சைத் தாண்டி, சிதறலும் 2 இன்சுக்கு மேல் இருக்கும். எந்தத் தூரத்தில் அதிகம் மான் கிடைக்குமோ, அந்தத் தூரத்திலேயே குறி தப்ப வாய்ப்பு வைத்துக்கொண்டு, எப்போதோ ஒருமுறை வரப்போகும் 275 கெஜத்துக்காகக் காத்திருப்பதுபோல ஆகிவிடும்.

100 கெஜக் கட்சிக்காரர் 200 கெஜத்தில் சுட்டால்? பாதை மூன்றரை கீழே, கை இன்னும் 3 கீழே போனால் ஆறரை இன்ச். தோட்டா நெஞ்சுக்கூட்டின் அடியிலோ, காலிலோ படும். அடிபட்ட மான் ஓடிவிடும். அதைத் தேடி ரத்தத்துளிகளைப் பின்தொடர்ந்து இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அலைவது வேட்டைக்காரர்கள் யாரும் பெருமையாகப் பேசாத ஒரு வேலை. சில சமயம் மான் கிடைப்பதே இல்லை.

நடுவில் இருப்பது 200 கெஜம். .30-06-ஐ இந்தத் தூரத்துக்கு ஜீரோ செய்தால் 100 கெஜத்தில் ஒன்றரை முதல் 2 இன்ச் மேலே படும். கையின் சிதறலைச் சேர்த்தாலும் மூன்றரை. பிளேட்டுக்குள்தான். 200-ல் பாதை பூஜ்யம், சிதறல் மட்டும் 3. அதுவும் உள்ளே. காட்டுக்குள் 50 கெஜத்தில் வந்தாலும், வயலில் 200 கெஜத்தில் நின்றாலும் ஒரே இடத்தில் பிடித்தால் போதும். நடுத்தரக் கை உள்ள ஒருவர், இந்த வகைத் தோட்டாவோடு, இந்த வகைக் காட்டில் நிற்கிறார் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆனால், இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. 250 கெஜத்தில் பாதை மூன்றரை இன்ச் கீழே. சிதறல் கிட்டத்தட்ட நான்கு. சேர்ந்தால் ஏழு. தோட்டாப் பெட்டியின் அட்டையில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்தால், 8 இன்ச் பிளேட்டுக்கு 250 கெஜம் தாராளமாக எட்டும் என்றுதான் தோன்றும். அந்தப் பட்டியலில் அச்சிட்டவர் உங்கள் கையைப் பார்த்ததில்லை. 3 இன்ச் சிதறல் உள்ளவருக்கு எல்லை 200-ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நிற்கும் மானை அன்று விட்டுவிட வேண்டியதுதான். சிதறலை ஒன்றரை இன்சாகக் குறைத்தால் எல்லை தானாகத் தள்ளிப்போகும். அதற்குத் தேவை இன்னொரு ஸ்கோப் அல்ல, இன்னும் சில பெட்டி தோட்டாவும் சில சனிக்கிழமைகளும்தான்.

வயோமிங் போனால் கணக்கு மாறும்

அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேற்கே வயோமிங் மாநிலத்துக்குப் போனால் காட்சியே வேறு. மரமே இல்லாத புல்வெளி. ப்ராங்ஹார்ன் என்ற, மானைப் போலிருக்கும் விலங்கு வெகு தூரத்திலேயே மனிதனைப் பார்த்துவிடும், அமெரிக்கக் கண்டங்களிலேயே வேகமாக ஓடும் விலங்கு அது. 100 கெஜத்துக்குள் நெருங்குவதே பெரும்பாடு. வெள்ளைவால் மானைவிட உருவத்தில் சிறியது என்பதால் பிளேட்டும் சிறிதாகிவிடும். இங்கே 250 கெஜம் என்பது ஆடம்பரமான கேள்வி இல்லை, அன்றாடக் கேள்வி.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஓ'கானரின் நாடான இந்த மேற்கிலேயே இப்போது பலர் 100 கெஜ ஜீரோவுக்குத் திரும்பிவிட்டார்கள். காரணம், உள்ளங்கையில் அடங்கும் லேசர் தூரமானி. பொத்தானை அழுத்தினால் '263' என்று எண் வந்துவிடும். கணிப்பு என்ற பேச்சே இல்லை. அந்தத் தூரத்துக்கு எத்தனை டிக் என்பதை முன்கூட்டியே சுட்டுப் பார்த்து எழுதிவைத்திருப்பார்கள். திருகை அத்தனை டிக் திருப்பி, நேராகப் பிடித்துச் சுட்டுவிட்டு, மறுபடியும் 100-க்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கொண்டுவர மறந்தவர்களின் கதைகளும் ஏராளம். மாலையில் 300 கெஜத்துக்குத் திருகிவைத்த ஸ்கோப்போடு மறுநாள் காலை 60 கெஜத்தில் நிற்கும் மானைச் சுட்டால், தோட்டா நினைத்த இடத்துக்குச் சற்று மேலே படும்.

மலைச்சரிவில் இன்னொரு குழப்பம் சேரும். மேலே நோக்கிச் சுட்டாலும் சரி, கீழே நோக்கிச் சுட்டாலும் சரி, தோட்டா எதிர்பார்த்ததைவிடச் சற்று மேலேயே படும். புவியீர்ப்பு தோட்டாவை இழுப்பது, அது கிடைமட்டமாகக் கடக்கும் தூரத்தைப் பொறுத்தது. 30 டிகிரி சரிவில் 300 கெஜம் தள்ளி நிற்கும் விலங்குக்கு, தோட்டாவைப் பொறுத்தவரை சுமார் 260 கெஜம்தான் கணக்கு. புதிய தூரமானிகள் பலவும் சரிவையும் அளந்து, கழித்த எண்ணையே காட்டிவிடுகின்றன.

25 கெஜக் குறுக்குவழி

சீஸனுக்கு முந்தைய நாள் அவசரமாக வருபவர்களிடம் புழங்கும் ஒரு குறுக்குவழியும் உண்டு. '25 கெஜத்தில் நடுவில் படும்படி வைத்துவிடு, தூரத்திலும் சரியாக இருக்கும்' என்பார்கள். தோட்டா பார்வைக் கோட்டை இரண்டு முறை கடக்கும் என்று பார்த்தோமே, அந்த முதல் சந்திப்பைப் பிடித்து இரண்டாவதை ஊகிக்கும் வழி இது. அடிப்படை சரிதான். .30-06-ஐ 25 கெஜத்தில் நடுவில் வைத்தால் 100-ல் சுமார் 3 இன்ச் மேலே போகும். அதாவது, வைத்தவருக்கே தெரியாமல் ஓ'கானர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்! அதைவிடப் பெரிய ஆபத்து, 25 கெஜத்தில் அரை இன்ச் தவறு 200 கெஜத்தில் 4 இன்ச் ஆகிவிடும் என்பது. அரை இன்ச் தவறை அங்கே யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

ஆனால், வேலையை அங்கே தொடங்குவது புத்திசாலித்தனம். புதிதாக ஸ்கோப் மாட்டிய துப்பாக்கி 100 கெஜத்தில் பேப்பரிலேயே படாமல் போகலாம். முதலில் தோட்டா இல்லாத துப்பாக்கியின் போல்ட்டை உருவி எடுத்து, குழலின் பின்பக்கம் வழியாகவே 25 கெஜத்து இலக்கைப் பார்ப்பார்கள். குழலுக்குள் இலக்கு நடுவில் தெரியும்போது, துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் கூட்டல் குறியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதன்பிறகு ஒன்றிரண்டு தோட்டாவிலேயே பேப்பரின் நடுப்பக்கம் வந்துவிடும். 25 கெஜத்தில் ஓர் இன்ச் நகர்த்த 16 டிக் தேவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிறகு 100 கெஜம். இங்கே பொறுமைதான் முக்கியம். ஒரு தோட்டா சுட்டுவிட்டு உடனே திருகைத் திருப்புபவர், தன் கையின் சிதறலைத் துரத்திக்கொண்டே ஒரு பெட்டியைக் காலிசெய்துவிடுவார். மூன்று தோட்டா சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்து, ஒருமுறை மட்டும் திருப்ப வேண்டும். சூடான குழல் வேறு மாதிரி சுடும் என்பதால் நடுநடுவே ஆறவிட வேண்டும். 100-ல் ஒன்றரை இன்சுக்குச் சற்று மேலே வந்துவிட்டால், 200 கெஜத்து இலக்குக்குப் போய் நிஜமாகவே நடுவில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியல் சொன்னதை நம்பி இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஜீரோ என்பது துப்பாக்கிக்கும் ஸ்கோப்புக்கும் மட்டும் சொந்தமில்லை, தோட்டாவுக்கும் சேர்த்துத்தான். 150 கிரெய்ன் தோட்டாவுக்கு வைத்த ஸ்கோப்பில் 180 கிரெய்ன் போட்டால் படும் இடம் மாறும். ஒரே எடையில் கம்பெனி மாறினாலும் மாறலாம். அதனால், அனுபவசாலிகள் ஜீரோ செய்த அதே வகைத் தோட்டாவில் நாலைந்து பெட்டியைச் சேர்த்தே வாங்கி வைத்துவிடுவார்கள். விமானத்தில் சூட்கேஸ்களோடு தூக்கிப் போடப்பட்ட துப்பாக்கி, லாரியின் பின்னால் 500 மைல் குலுங்கி வந்த துப்பாக்கி, கீழே விழுந்த துப்பாக்கி எல்லாவற்றையும் காட்டுக்குள் போகும் முன் ஒருமுறை பேப்பரில் சுட்டுப் பார்த்தாக வேண்டும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி ஒன்று தளர்ந்திருந்தாலும் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. முதல் நாள் மாலை சுத்தமாகச் சரிசெய்த துப்பாக்கியை மறுநாள் காலை, குழல் ஜில்லென்று இருக்கும்போது எடுத்துவருவார்கள். மேஜையோ மணல் மூட்டையோ கிடையாது. காட்டில் எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்கார்ந்து, 200 கெஜத்தில் ஒட்டிய புது பேப்பர் பிளேட்டைப் பார்த்து ஒரே ஒரு தோட்டா. பிளேட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு தூரம் நடந்துபோய்த் திரும்ப வேண்டும். விழவில்லை என்றால், அந்த வருடம் அவர் 100 கெஜத்துக்குள் வரும் மானுக்காக மட்டும் காத்திருப்பார்.